ஜப்பானிய நாடகம் பார்க்கப் போகிறீர்களா? கபுகியில் தொடங்குங்கள்

முதன்முதலாகக் கபுகி பார்க்கப் போனபோது, கூட வந்த ஜப்பானிய நண்பரிடம் இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன்: "அவர்கள் பேசுவது உங்களுக்கு முழுக்கப் புரிகிறதா?" பெட்டிச் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பாதி புரியும். கதைதான் தெரியுமே, அப்புறம் என்ன?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதுவரை மொழி தெரியாதது என்னுடைய குறை என்று எண்ணி, மேடையைப் பார்க்காமல் கையிலிருந்த கதைச்சுருக்கத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் முடிவு தெரிந்துதான் வந்திருந்தார்கள். தெரிந்த கதையை இன்றைக்கு இந்த நடிகர் எப்படிச் செய்கிறார் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவர்கள் துரியோதனன் பிழைப்பானா மாட்டானா என்று கேட்பதில்லையே, அதே சங்கதி.

ஆகவே புரிந்துகொள்ளும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடும், அரங்குக்குள் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதும்தான்.

முதலில், மூன்றில் எது?

பழைய ஜப்பானிய நாடகம் என்றால் பெரும்பாலும் மூன்றைச் சொல்வார்கள். நோ, முகமூடி அணிந்து மிக மெதுவாக ஆடும் நாடகம். 14ஆம் நூற்றாண்டில் கன்அமி, அவர் மகன் செஅமி என்ற இருவர் கையில் உருவானது. அதனோடு சேர்ந்தே வளர்ந்தது கியோகென் என்ற சிரிப்பு நாடகம். புன்ராகு, பொம்மலாட்டம். கபுகி, நடிகர்களின் வேஷம், வண்ணம், பாட்டு, சண்டை எல்லாம் கலந்த நாடகம்.

கபுகியைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண். 1603 வாக்கில் கியோட்டோவில் ஒகுனி என்பவர் ஆடிய ஆட்டத்திலிருந்துதான் அது தொடங்கியது என்பார்கள். 1629இல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசு தடை போட்டது. அன்றிலிருந்து பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுகிறார்கள். அந்த நடிகர்களுக்கு ஒன்னகதா என்று பெயர்.

என் யோசனை: கபுகி முதலில், புன்ராகு இரண்டாவது, நோ கடைசியில். நோவில் தொடங்கி, அரை மணியில் தூங்கிப்போய், "ஜப்பானிய நாடகம் நமக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

டிக்கெட்

டோக்கியோவில் கின்சா பகுதியில் இருக்கிறது கபுகிசா. 1889இல் முதலில் திறந்த அரங்கம். தீ, நிலநடுக்கம், போர் எல்லாவற்றையும் கண்டு, இப்போது நிற்பது 2013இல் திறந்த ஐந்தாவது கட்டடம். ஹிகாஷி கின்சா சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நேராக அதன் அடித்தளத்துக்கே வந்துவிடலாம். மாதாமாதம் புது நிகழ்ச்சி நிரல், மாதத்தில் மூன்று வாரத்துக்கு மேல் தினமும் நடக்கும். பகல் காட்சி, மாலைக் காட்சி என்று இரண்டு. ஒவ்வொன்றும் இடைவேளையோடு நான்கு மணி நேரம் வரை ஓடும்.

நான்கு மணி நேரமா என்று பயப்பட வேண்டாம். ஒரு காட்சியில் பொதுவாக ஒரே கதை முழுதாக நடக்காது. வெவ்வேறு நாடகங்களிலிருந்து புகழ்பெற்ற பகுதிகளை எடுத்துக் கோத்திருப்பார்கள்: ஒரு வரலாற்றுக் கதை, ஒரு நடனம், ஒரு குடும்பக் கதை என்று. அதில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வரவும் வழி இருக்கிறது. நான்காம் மாடியில் சுமார் 90 இருக்கைகளை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். ஹிதோமகுமி என்று கேளுங்கள். நாடகத்தின் நீளத்தைப் பொறுத்து 500 யென்னிலிருந்து 2,000 யென் சொச்சம் வரை ஆகும். பெரும்பகுதி இருக்கைகளை முந்தின நாளிலிருந்து இணையத்தில் எடுக்கலாம், மீதி அன்றே அரங்கில் தருவார்கள். முதன்மை வாசலுக்கு இடப்பக்கம் தனி வழி, தனி லிஃப்ட். இந்த டிக்கெட்டோடு கீழ் மாடிகளுக்குப் போக முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதல் தடவைக்கு இது போதும். பிடித்துப்போனால் அடுத்த தடவை முழுக் காட்சிக்கு வாங்குங்கள். மூன்றாம் மாடியின் பின்வரிசை சில ஆயிரம் யென். தரைத்தளம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஒரு மாதத்து டிக்கெட் அதற்கு முந்தைய மாதத்தின் நடுவாக்கில் விற்பனைக்கு வரும். தலைமை வேடத்தில் பெரிய நடிகர் இருந்தால், உதாரணமாக 2022 நவம்பரில் தலைமுறை தலைமுறையாக வரும் இச்சிகாவா தன்ஜூரோ என்ற மேடைப்பெயரைப் பதின்மூன்றாமவர் ஏற்ற மாதம் மாதிரி, கிடைப்பது கஷ்டம்.

டோக்கியோவில் இல்லையென்றால்? டிசம்பரில் கியோட்டோ போகிறவர்களுக்கு மினமிசா அரங்கம். அந்த மாதம் நடிகர்களின் பெயரெழுதிய மரப்பலகைகள் வாசல் முகப்பில் வரிசையாகத் தொங்கும். அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். ஏப்ரலில் ஷிகோகு தீவுப் பக்கம் போனால் கொதொஹிராவில் 1835இல் கட்டிய கனமாருசா இருக்கிறது. தரையில் சம்மணமிட்டுப் பார்க்கும் பழைய மரக் கொட்டகை. சுழலும் மேடையை இன்றைக்கும் கீழே ஆட்கள் நின்று கையால்தான் தள்ளுகிறார்கள்.

கதையைப் படித்துக்கொண்டு போவது

நிரலில் இருக்கும் நாடகத்தின் பெயரைத் தேடி, கதையை வீட்டிலேயே படித்துவிடுங்கள். யார் யாருக்கு என்ன உறவு, யார் என்ன ரகசியத்தை மறைக்கிறார் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். கபுகியில் முக்கால்வாசிக் கதை யாரோ எதையோ மறைப்பதுதான்.

முதல் நாடகமாக எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் 'கஞ்சின்சோ' என்பேன். 1840இல் ஏழாம் இச்சிகாவா தன்ஜூரோ மேடையேற்றியது. கதை இதுதான். அண்ணன் யோரிதோமோ தன்னைக் கொல்லத் தேடுவதால் தம்பி யோஷிட்சுனே ஓடிக்கொண்டிருக்கிறான். அவனோடு இருப்பவர்கள் மலைத் துறவிகளாக வேஷம் போட்டிருக்கிறார்கள், அவன் சுமைகூலியாக. அதகா என்ற சோதனைச்சாவடியில் காவல் அதிகாரி தொகாஷி மறிக்கிறான். "கோயில் திருப்பணிக்கு நன்கொடை திரட்டுகிறோம்" என்கிறான் துணைவன் பென்கே. "அப்படியானால் நன்கொடை ஏட்டைப் படித்துக் காட்டு" என்கிறான் தொகாஷி. ஏடு ஏது? பென்கே மூட்டையிலிருந்து ஒரு வெற்றுச் சுருளை எடுத்து, அதில் எழுதியிருப்பதுபோல் கணீரென்று படிக்கிறான்.

இந்த இடத்தில் கண்ணை எடுக்காதீர்கள். தொகாஷி ஓரடி முன்னால் வந்து சுருளுக்குள் எட்டிப் பார்க்க முயல்வான். பென்கே சட்டென்று சுருளை மார்போடு இழுத்து உடம்பைத் திருப்புவான். இருவரும் அப்படியே உறைந்து நிற்பார்கள். அவ்வளவுதான் அசைவு. வெற்றுத்தாள் என்று தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு அந்த ஒரு கணத்தில் வயிறு கலங்கும்; தெரியாதவருக்கு இரண்டு பேர் ஏதோ காகிதத்துக்குச் சண்டை போடுவதாகத் தோன்றும். கதையைப் படித்துவிட்டுப் போங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

அப்புறம், கூலியாள் யோஷிட்சுனே சாயலில் இருப்பதாகச் சந்தேகம் வருகிறது. பென்கே தன் தலைவனையே தடியால் அடிக்கிறான். தொகாஷிக்கு விஷயம் விளங்கிவிடுகிறது, விளங்கியும் போகவிடுகிறான். எல்லாரும் போன பிறகு திரை மூடும். மூடிய திரைக்கு முன்னால் பென்கே மட்டும் நிற்பான். தலை வணங்கிவிட்டு, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிப் பார்வையாளர்களுக்கு நடுவே ஓடி மறைவான். நான்காம் மாடியிலிருந்து அந்த ஓட்டத்தின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், கடைசிப்பகுதி கண்ணுக்குத் தப்பிவிடும். மலிவு டிக்கெட்டுக்குக் கொடுக்கும் விலை அது.

இயர்போன் விளக்கம், சப்டைட்டில் வசதி எந்தக் காட்சிக்கு, எந்த மொழியில் இருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். கிடைத்தால் நல்லது. ஆனால் முழுநேரமும் திரையில் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தால் மேடை கையை விட்டுப் போய்விடும்.

போகும் நாள்

உடை பற்றிக் கவலை வேண்டாம். கிமோனோவில் வருகிறவர்களும் இருப்பார்கள், ஜீன்ஸில் வருகிறவர்களும் இருப்பார்கள். உயரமான கொண்டை மட்டும் வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மேல்மாடியில் ஆர்வத்தில் முன்னால் குனியாதீர்கள். ஒருவர் குனிந்தால் பின்வரிசை முழுக்க மேடை மறைந்துபோகும், ஊழியர் வந்து சொல்லுவார். கைபேசியை சைலன்ட்டில் போடுவது போதாது, அணைத்துவிடுங்கள். நாடகம் நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது.

சாப்பாடு ஒரு சடங்கு மாதிரி. கபுகிசாவில் அரை மணி நேர இடைவேளையில் எல்லாரும் இருக்கையிலேயே பென்தோ பெட்டியைத் திறந்துவிடுவார்கள். 'மகுனோஉச்சி' என்ற பெட்டிச் சோற்றின் பெயருக்கே இரண்டு திரைகளுக்கு இடையில் என்றுதான் பொருள். அரங்கின் அடித்தளக் கடைகளில் வாங்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவார்கள்: காய்கறி மட்டும் இருப்பதாகத் தெரியும் பெட்டியிலும் மீன் சாறு கலந்திருக்கும். பழமோ ரொட்டியோ கையோடு கொண்டுபோங்கள்.

உள்ளே உட்கார்ந்த பிறகு

முதலில் இடப்பக்கம் பாருங்கள். மேடையிலிருந்து பார்வையாளர்களுக்கு நடுவே பின்சுவர் வரை ஒரு நீண்ட நடைமேடை ஓடும். அதுதான் ஹனமிச்சி, பூப்பாதை. முக்கியமான பாத்திரங்கள் வருவதும் போவதும் அதில்தான். பின்னால் திரையின் வளையங்கள் 'சரீங்' என்று ஒலிக்கும். பழகியவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் திரும்பிவிடுவார்கள். வருகிறவர் பாதையில் ஏழு பங்கு கடந்து, மேடைக்கு மூன்று பங்கு இருக்கும் இடத்தில் நிற்பார். அந்த இடத்துக்கே ஏழு-மூன்று என்றுதான் பெயர். அங்கே தரையில் ஒரு சின்ன லிஃப்டும் உண்டு. அதிலிருந்து யாராவது எழுந்து வந்தால் அவர் பேயோ, மாயாவியோ, மனித உருவெடுத்த விலங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து காது. மேடையின் வலது ஓரத்தில் ஒருவர் மண்டியிட்டு, தரையில் வைத்த பலகையை இரண்டு கட்டைகளால் அடித்துக்கொண்டிருப்பார். ஓட்டம், அடிதடி, கீழே விழும் பொருள் எல்லாவற்றுக்கும் சத்தம் அவர் கையிலிருந்து வருகிறது. நடிகர் உணர்ச்சியின் உச்சியில் தலையைச் சுழற்றி, கண்ணை உருட்டி, உடம்பை முறுக்கி அசையாமல் நிற்பதை மியே என்பார்கள். அந்த நொடியில் 'பத்-தரி!' என்று கட்டை விழும். சினிமாவில் கேமரா முகத்துக்கு அருகே போகிறதே, அந்த வேலையை இங்கே இரண்டு மரக்கட்டைகள் செய்கின்றன.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இடப்பக்கம் கறுப்புச் சட்டங்களுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் மறைந்திருப்பார்கள். பனி கொட்டும் காட்சியில் அங்கே பெரிய முரசைத் துணி சுற்றிய கோலால் மெத்தென்று தட்டுவார்கள்: தொம்... தொம்... தொம். பனிக்கு ஏது சத்தம்? ஆனால் கேட்கும்போது பனிதான் விழுகிறது.

உடல் முழுக்கக் கறுப்பு உடுத்திய ஆட்கள் நடிகரின் பின்னால் வந்து முக்காலி வைப்பார்கள், உடையை இழுப்பார்கள். குரோகோ என்று பெயர். கறுப்பு என்றால் கண்ணுக்குத் தெரியாதவர் என்று உடன்பாடு. நீங்களும் பார்க்காததுபோல் இருந்துவிடுங்கள். பனிக்காட்சியில் வெள்ளையும் கடல் காட்சியில் நீலமும் உடுத்துவது உண்டு. முகத்தில் சிவப்புக் கோடுகள் என்றால் வீரம், நியாயம். நீலம் என்றால் வில்லன். பழுப்பு என்றால் பூதம், அரக்கன்.

ஒன்னகதாவைப் பார்க்கும்போது முகத்தைவிடத் தோளைக் கவனியுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துக் கீழே இறக்கி, தோள் சரிவாகத் தெரியும்படி மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். முழங்கால்கள் ஒட்டியே இருக்கும். 1950இல் பிறந்த பன்தோ தமசபுரோவின் பெயரை நிரலில் கண்டால் வேறெதையும் யோசிக்காமல் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

மேல்மாடியிலிருந்து திடீரென்று "நரிதயா!", "ஒதொவயா!" என்று யாரோ கத்துவார்கள். நடிகர் குடும்பத்தின் பட்டப்பெயர் அது. எந்த நொடியில் கத்துவது என்பதில் பல வருஷம் பழகியவர்கள் அவர்கள். ஆசையாகத்தான் இருக்கும், கத்தாதீர்கள். கைதட்டலாம், பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது தட்டினால் தவறாது.

ஒசாகாவின் பொம்மைகள்

புன்ராகுவுக்கு ஒசாகாதான் தாய்வீடு. நிப்பொன்பாஷியில் 1984இல் திறந்த தேசிய புன்ராகு அரங்கம் இருக்கிறது. ஜனவரி, ஏப்ரல், கோடை, நவம்பர் ஆகியவை பெரிய நிகழ்ச்சிகளின் காலம்.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலைமைக் கலைஞர் தலையையும் வலக்கையையும் ஆட்டுவார், இரண்டாமவர் இடக்கையை, மூன்றாமவர் காலை. காலுக்குப் பத்து வருஷம், இடக்கைக்குப் பத்து வருஷம் பழக வேண்டும் என்று தொழிலில் சொல்வார்கள். மூவரும் ஒளிவதில்லை, தலைமைக் கலைஞரின் முகம்கூடப் பெரும்பாலும் திறந்தே இருக்கும். முதல் பத்து நிமிஷம் ஆட்களைத்தான் பார்ப்பீர்கள். அப்புறம் எப்போது அவர்கள் மறைந்தார்கள் என்றே தெரியாது.

பேச்செல்லாம் ஒருவர் குரல். மேடைக்கு வலப்பக்கம் தாயூ என்ற கதைசொல்லியும், ஷமிசென் என்ற தடித்த கழுத்துள்ள தந்தி வாத்தியத்தை வாசிப்பவரும் உட்கார்ந்திருப்பார்கள். தொடங்கும்முன் தாயூ ஏட்டை எடுத்து நெற்றிக்கு நேராக உயர்த்தி வணங்குவார். குழந்தை, கிழவி, கொலைகாரன் எல்லாரும் அந்த ஒருவர் தொண்டையிலிருந்து வருவார்கள். அடிவயிற்றிலிருந்து குரல் எழ வேண்டும் என்று இடுப்புக்கட்டுக்குள் மணல் பை வைத்திருப்பார். முடிந்தால் வலப்பக்கம் இருக்கை கேளுங்கள். வியர்வை வழிவதுவரை பார்க்கலாம்.

பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் கால் கிடையாது. கிமோனோவின் கீழ்விளிம்பைக் கைமுட்டியால் தள்ளித்தான் நடப்பதாகக் காட்டுவார்கள். இது தெரிந்தால் 'சொனெசாகி ஷின்ஜூ' உங்களை உலுக்கும். சிகமட்சு மொன்சயெமோன் 1703இல் எழுதியது. கடைக் குமாஸ்தா தொகுபெயும், விலைமகளாய் விற்கப்பட்ட ஒஹட்சுவும் சேர்ந்து சாகும் கதை. திண்ணைக்கு அடியில் அவன் ஒளிந்திருக்கிறான். மேலே உட்கார்ந்திருக்கும் அவள், மற்றவர்கள் முன் வாய்விட்டுக் கேட்க முடியாமல், சாகத் துணிவிருக்கிறதா என்று காலால் கேட்கிறாள். அந்த ஒரு காட்சிக்காக அவளுக்கு வெறும் பாதம் ஒன்று வைத்திருப்பார்கள். அவன் அதைப் பற்றித் தன் கழுத்தில் கத்திபோல் இழுத்துக்கொள்கிறான்.

கடைசியாக நோ

நான் முதலில் செய்த தப்பு, மலிவாக இருக்கிறதே என்று மூலை இருக்கை வாங்கியது. நோ மேடை ஏறக்குறைய ஆறு மீட்டர் சதுரம், அரங்கத்துக்குள்ளேயே அதற்குத் தனிக் கூரையும் நான்கு தூண்களும் உண்டு. மூலையில் உட்கார்ந்தால் ஒரு தூண் நேர் எதிரே நிற்கும். தூணைச் சபித்துக்கொண்டே தூங்கிப்போனேன். பிற்பாடுதான் தெரிந்தது: முகமூடியின் கண்துளை வழியே நடிகருக்கு மிகக் குறுகிய பார்வைதான், தான் எங்கே நிற்கிறோம் என்பதை அந்தத் தூணை வைத்துத்தான் கண்டுகொள்கிறார். எடுக்க முடியாத தூண். ஆகவே நேர்முன் இருக்கையோ, பக்கவாட்டு இருக்கையோ எடுங்கள்.

டோக்கியோவின் செந்தகாயாவில் 1983இல் திறந்த தேசிய நோ அரங்கில் முன்னிருக்கையின் முதுகில் சின்னத் திரை இருக்கிறது. ஆங்கிலத்திலும் வரிகள் ஓடும். தொடக்கத்துக்கு அது நல்ல இடம். இருக்கையில் சாப்பிட விடமாட்டார்கள். கபுகி போல மாதம் முழுக்க நடக்காது. ஒரு நாடகம் ஒரே நாள், ஒரே தடவை என்பதே வழக்கம்.

'ஹகொரோமோ' மாதிரி சின்னக் கதையாகத் தேர்ந்தெடுங்கள். மிஹோ கடற்கரையில் ஒரு மீனவன் பைன் மரத்தில் இறகாடை ஒன்றைக் காண்கிறான். தேவமகள் வந்து கேட்கிறாள். ஆடிக்காட்டினால் தருவேன் என்கிறான். ஆடை இல்லாமல் ஆட முடியாது, முதலில் தா என்கிறாள். தந்தால் ஆடாமல் பறந்துவிடுவாய் என்கிறான். சந்தேகம் மனிதர்களுக்குத்தான், வானுலகில் பொய் கிடையாது என்கிறாள் அவள். வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறான். அவள் ஆடிக்கொண்டே மேலே போகிறாள். கதை இவ்வளவே, மற்றதெல்லாம் ஆட்டம்.

முகமூடியைப் பாருங்கள். முகத்தைவிடச் சற்றுச் சிறியது, நடிகரின் தாடை வெளியே தெரியும். கொஞ்சம் கீழே சாய்த்தால் நிழல் விழுந்து துயரமாகும். அதை மேகம் மூடுதல் என்பார்கள். கொஞ்சம் நிமிர்த்தினால் வெளிச்சம் பட்டு மலரும். ஒரு கை மெல்ல உயர்ந்து கண்ணுக்கு முன் வந்தால் அழுகை. பாதம் தரையை விட்டு எழாமல் வழுக்கி வரும். திடீரென்று ஒரு மிதி மிதித்தால் அரங்கமே அதிரும். பழைய மேடைகளின் அடியில் அந்த ஒலிக்காகப் பெரிய மண்சாடிகளைப் புதைத்திருப்பார்கள்.

தூக்கம் வந்தால் வரட்டும், அக்கம்பக்கத்திலும் சிலர் கண்ணை மூடியிருப்பார்கள். குறட்டை மட்டும் கூடாது. அதே நிரலில் கியோகென் இருந்தால் அது எழுப்பிவிடும். 'புசு' என்று ஒன்று: சர்க்கரைப் பானையை விஷம் என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போகிறார். வேலைக்காரர் இருவர், விஷக்காற்று படாமலிருக்க விசிறியால் வீசிக்கொண்டே கிட்டே போய், மொத்தத்தையும் தின்றுவிடுகிறார்கள். அப்புறம் எஜமானரின் ஓவியத்தைக் கிழித்து, கிண்ணத்தை உடைத்து, "இந்தக் குற்றத்துக்குச் சாகலாம் என்று விஷத்தைத் தின்றோம், சாவு வரவில்லை" என்று அழுகிறார்கள். மொழியே தெரியாதவரும் விசிறி வீசும் இடத்தில் சிரித்துவிடுவார்.

நோ முடியும்போது திரை விழாது, விளக்கு அணையாது. தலைமை நடிகர் இடப்பக்கப் பாலம் வழியே, வந்த அதே மெதுவில் திரும்பிப் போவார். அப்போது கைதட்ட அவசரப்படாதீர்கள். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், வாத்தியக்காரர்கள், ஒவ்வொருவராகப் போவார்கள். பாட்டுக்காரர்கள் பக்கத்துச் சிறு கதவில் குனிந்து மறைவார்கள். பின்சுவரில் தீட்டிய பைன் மரம் மட்டும் மிச்சமிருக்கும். அதன் பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொள்ளலாம்.